குளியலறைத் தரையில் புளித்த பியர்

முதல் போத்தல் வெடித்தபோது நாங்கள் நாலு பேரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம்.

நாலு பேர் என்றால் நான், என் கணவரான இவர், நான் படிப்பிக்கும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் செயலாளர் குகன், குகனுடைய மனைவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். தங்கள் மகள் பெரியவளான சாமத்தியச் சடங்குக்கு நேரில் வந்து சொல்ல வேண்டுமென்று ஒஸ்லோவின் மற்றக் கோடியில், ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து எங்கள் ஹொல்ம்லியாவுக்கு வந்திருந்தார்கள். அழைப்பிதழைத் தட்டத்தில் வைத்துத் தந்துவிட்டு, தேத்தண்ணிக்குப் பொரித்து வைத்த பற்றிஸில் கையை வைத்தார் குகன்.

டப்.

அடுத்தது இரண்டாவது. பிறகு மூன்றும் நாலும் சேர்ந்து.

ஒருவரும் கத்தவில்லை. கண்மூடித் திறப்பதற்குள் நாலு பேரும் நிலத்தில் கிடந்தோம். குகனின் மனைவி காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே. குகன் சோபாவுக்கும் சுவருக்கும் இடையில். இவர் தன் கையை என் தலைக்கு மேல் வைத்திருந்தார். இந்த நாட்டுக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. உடம்பு ஒன்றையும் மறக்கவில்லை.

பிறகு மணம் வந்தது. இனிப்பும் புளிப்பும் கலந்த மணம். சாமான் அறைக் கதவுக்குக் கீழால் மண்ணிறத்தில் நுரை நகர்ந்து வந்து கம்பளத்தின் ஓரத்தைத் தொட்டது.

குகன் முதலில் எழும்பினார். முழங்காலைத் தட்டிக்கொண்டு கேட்டார்.

"டீச்சர், உது என்ன?"

"பியர்" என்றேன்.

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று பிறகு பல பேர் எனக்குப் புத்தி சொன்னார்கள். அது பியர்தானே. வேறு என்ன சொல்வது?

கோபப்படாத ஆள்

போன மாதம் ரயிலில் இந்தப் பத்தியின் வாசகி ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். ஹவுகெட்டோவில் ஏறியவர். "அக்கா, இவ்வளவு கிழமையா எழுதிறியள், ஒரு இடத்திலையும் உங்களுக்குக் கோபம் வரேல்லையே" என்றார். அகதி முகாமைப் பற்றி எழுதினேன், முதல் வேலையைப் பற்றி எழுதினேன், கோபம் வரவில்லை. பழசு ஆறிவிட்டது. இது ஆறவில்லை. இந்தக் கிழமை அந்த வாசகிக்குத் திருப்தியாக இருக்கும்.

பெட்டி வந்த கதை

நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தில். எனக்கு ஐம்பது வயது நிரம்பியபோது கூட வேலை செய்பவர்கள் சேர்ந்து ஒரு பெரிய பெட்டி தந்தார்கள். யோசனை சோல்வைக்கினுடையது. சோல்வைக் என்னோடு ஒரே பகுதியில் பன்னிரண்டு வருஷம் வேலை செய்தவள். தன் வீட்டு நிலவறையில் பியர் செய்பவள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் தோசை மாவைப் பற்றி அளந்ததை எல்லாம் காது கொடுத்துக் கேட்டிருக்கிறாள். உனக்குப் பாதி வேலை ஏற்கெனவே தெரியும், மிச்சத்தைப் பழகு என்றாள்.

பெட்டிக்குள் மூடி போட்ட பெரிய வாளி ஒன்று. கறுத்தப் பாகு அடைத்த டின் ஒன்று. அந்தப் பாகு முளைவிட்ட பார்லியிலிருந்து எடுத்தது, கசப்புச் சேர்த்தது. ஒரு சின்னப் பாக்கெட் ஈஸ்ட். மூடியில் செருகுகிற வளைந்த குழாய் ஒன்று; அதற்குள் தண்ணீர் விட்டால் உள்ளே இருக்கும் காற்று வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. சீனி எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற நீளமான கண்ணாடி மிதவை ஒன்று. பாகைச் சுடுதண்ணீரில் கரைத்து, சீனி போட்டு, வாளி நிறையத் தண்ணீர் விட்டு, ஈஸ்டைத் தூவி மூடிவிட வேண்டும். அவ்வளவுதான்.

அதுவரைக்கும் நான் அரை கிளாஸ் பியருக்கு மேல் குடித்ததில்லை. இப்போதும் அப்படித்தான். என்னைப் பிடித்தது குடி அல்ல, அந்தக் குழாய். மூடி வைத்துப் பத்து மணித்தியாலத்தில் "ப்ளக்" என்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி "ப்ளக்". பிள்ளைகள் இரண்டும் படிப்பு, வேலை என்று போன பிறகு வீட்டில் ஒரு உயிர் மூச்சு விடுவதைக் கேட்டது அன்றைக்குத்தான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான் அதற்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு இருந்தேன்.

தோசைக்குச் சரி

இனி என் பிழைகளைச் சொல்கிறேன். மற்றவர்களைத் திட்டுவதற்கு முன்னால் அது நியாயம்.

ஒஸ்லோவில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் வெள்ளிக்கிழமை இரவு மாச்சட்டி குளியலறையில்தான் இருக்கும். இங்கே குசினி குளிர். குளியலறைத் தரைக்குக் கீழே சூட்டுக் கம்பி ஓடுகிறது. மாவை அரைத்து, தரையில் வைத்து, துவாயால் போர்த்திவிட்டால் காலையில் பொங்கி நிற்கும். விருந்தாளிகள் மாச்சட்டியைத் தாண்டித்தான் முகம் கழுவ வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை, எல்லா வீட்டிலும் இதுதான் நடைமுறை.

ஆகவே நான் பியர் வாளியையும் அங்கேயே வைத்தேன், மாச்சட்டிக்குப் பக்கத்தில். வாளியோடு வந்த தாளில் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு பாகைக்குள் வைக்கச் சொல்லி இருந்தது. வாசித்தேன். வாசித்துவிட்டு, புளிக்க வைப்பதைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க இவர்கள் யார் என்று நினைத்தேன். சூட்டை இருபத்தெட்டுக்கு ஏற்றினேன். துவாயும் போர்த்தினேன்.

அதோடு விட்டேனா? மாவைக் கரண்டியால் கரைத்தால் புளிக்காது, கையால் கரைக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு, முழங்கை வரை வாளிக்குள் விட்டுக் கலக்கினேன். பிறகு இதைக் கேட்ட சோல்வைக் கதிரையில் இருந்துவிட்டாள்.

இரண்டு நாள் வாளி குதித்தது. நாலாம் நாள் சத்தம் குறைந்தது. மா பொங்கி முடிந்தால் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அளவுக்கு மீறிப் புளித்துவிடும். அதே கணக்கில் நாலாம் நாளே போத்தலில் அடைத்துச் சாமான் அறையில் அடுக்கினேன். ஒரு போத்தலுக்குச் சின்னக் கரண்டியால் தட்டையாக ஒன்று சீனி போடச் சொல்லியிருந்தது. நான் இரண்டு போட்டேன், கும்பமாக. வீட்டுக்கு வந்தவருக்குத் தேத்தண்ணியில் ஒரு கரண்டி போட்டுக் கொடுத்தால் எங்கள் ஊரில் என்ன நினைப்பார்கள்? அந்தக் கண்ணாடி மிதவை காய்ச்சல் பார்க்கிற சாமான் மாதிரி இருந்தது. அதைப் பெட்டியைவிட்டு வெளியே எடுக்கவேயில்லை.

மெல்லிய கண்ணாடிப் போத்தல் நாற்பது. மொத்தம் ஆறு வெடித்தது. மிச்சத்தைக் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்தேன். நகப்பூச்சு அழிக்கிற தண்ணீரின் மணம்.

தொடங்குகிறவர்கள் கேளுங்கள், என்னைப் போல மேதாவியாக இருக்காதீர்கள். வாளியைக் குளியலறைக்குள் கொண்டுபோக வேண்டாம், வெயில் படாத சாமான் அறையில் வையுங்கள். பியரைத் தொடுகிற எல்லாவற்றையும் கிருமி நீக்கித் தூளில் கழுவுங்கள், கரண்டியிலிருந்து மூடி வரை. கையை விட வேண்டாம். உங்கள் கை எவ்வளவு இராசியான கையாக இருந்தாலும் வேண்டாம். மூடியைத் திறந்து திறந்து பார்க்கவும் வேண்டாம். சத்தம் நின்றால் முடிந்தது என்று அர்த்தமில்லை. இரண்டு கிழமை பொறுத்து, மிதவையை விட்டுப் பாருங்கள். மூன்று நாள் ஒரே இடத்தில் நின்றால்தான் ஈஸ்ட் சீனியைத் தின்று முடித்திருக்கிறது. அதற்கு முதல் அடைத்தால் அது போத்தலுக்குள் இருந்து தின்னும், காற்றுக்குப் போக வழி இருக்காது. முதல் தடவை பிளாஸ்டிக் போத்தலில் அடையுங்கள். அமத்திப் பார்த்தால் இறுகுவது தெரியும், வெடித்தாலும் கண் தப்பும். சீனி தாளில் போட்டிருக்கிற அளவுதான். விருந்தோம்பலை வேறு இடத்தில் காட்டுங்கள்.

இவ்வளவுதான் நான் செய்த குற்றம். மற்றது எல்லாம் மற்றவர்கள் செய்தது.

கசிப்பு

குகனும் மனைவியும் வீடு போய்ச் சேரவே முக்கால் மணித்தியாலம் எடுக்கும். அதற்கு முன்னால் எனக்கு முதல் தொலைபேசி வந்துவிட்டது.

"டீச்சர், உங்கடை வீட்டிலை கசிப்புக் காய்ச்சி ஏதோ வெடிச்சதாம். ஒருத்தருக்கும் காயம் இல்லைத்தானே?"

கசிப்பு! ஊரில் பற்றைக்குள் ஒளித்து வைத்து வடிக்கிற சாராயம். இங்கே வீட்டில் சாராயம் வடித்தால் குற்றம், தன் பாவனைக்குப் பியர் செய்தால் குற்றமில்லை. இதற்கான சாமானைப் பட்டப்பகலில் கடையில் அடுக்கி வைத்து விற்கிறார்கள். இது அவர்களுக்குத் தெரியாது என்று நான் நம்பத் தயாரில்லை. வட்டிக்கும் வரிக்கும் இந்த நாட்டுச் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்கள், பியருக்கு மட்டும் சட்டம் தெரியாமல் போனார்களா?

எங்கள் பிறந்தநாள் விழாக்களுக்குப் போயிருக்கிறீர்களா? மண்டபத்துக்குள் கேக் வெட்டுவார்கள். வெளியே கார் நிறுத்துகிற இடத்தில் டிக்கியைத் திறந்து வைத்து ஆண்கள் வட்டமாக நிற்பார்கள். கடதாசிக் குவளையில் என்ன இருக்கிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிப்பிக்கும் மாஸ்டர் மூன்றாவது குவளைக்குப் பிறகு பாடத் தொடங்குவார். நல்லாகவே பாடுவார். அவருக்காக ஒருவரும் கூட்டம் கூட்டவில்லை.

எனக்குக் கூட்டினார்கள்.

கூட்டம்

வியாழக்கிழமை பின்னேரம் ஆறு மணி. என் வகுப்பறையிலேயே. பள்ளி நிர்வாகத்தின் ஐந்து பேர், ஐந்தும் ஆண்கள், பத்து வயதுப் பிள்ளைகளுக்கான கதிரைகளில் முழங்காலை மடித்துக்கொண்டு இருந்தார்கள். என்னைக் காரில் கொண்டுவந்த இவர் கதவடியில் நின்றார்.

அந்த வகுப்பு எனக்கு என்ன என்று இங்கே சொல்ல வேண்டும். பதினாலு வருஷமாக நாலாம் வகுப்பை வைத்திருக்கிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை நான் வாயைத் திறந்தால் யாராவது என் நொஷ்க்கை, இந்த நாட்டு மொழியை, திருத்துவார்கள். மரியாதையாகத்தான் திருத்துவார்கள். வேலையிடத்தில் தொண்ணூறு வயதுக் கிழவர்கூட என் உச்சரிப்பைத் திருத்திவிட்டுத்தான் மாத்திரை விழுங்குவார். சனிக்கிழமை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் என்னை ஒருவரும் திருத்த முடியாது. அந்த மூன்று மணித்தியாலம் இல்லாவிட்டால் இந்த நாட்டில் நான் யார் என்று எனக்கே தெரியாமல் போய்விடும். அதைத்தான் அவர்கள் மேசையில் வைத்துப் பேசினார்கள்.

தலைவர் தொண்டையைச் செருமினார்.

"டீச்சர், ஆரும் உங்களைப் பிழையாய் நினைக்கேல்லை. ஆனா பெற்றோர் கதைக்கினம். ஒரு பொம்பிளை, அதுவும் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிற ஆள், வீட்டிலை உதுகளைச் செய்தா என்னெண்டு? கொஞ்சக் காலம் வகுப்பை வேறை ஆரிட்டையும் விடுவம் எண்டு..."

நான் வாயைத் திறந்தேன். சொல் வருவதற்கு முன்னால் கதவடியிலிருந்து சத்தம் வந்தது.

"அது என்ரை வேலை" என்றார் இவர். "நான்தான் செய்தனான். அவவுக்கு உதிலை ஒரு சம்பந்தமும் இல்லை."

அறை இளகியதை நான் கண்ணால் பார்த்தேன். தலைவர் சிரித்தார். குகன் கதிரையைப் பின்னால் தள்ளினார்.

"அட, அண்ணையே! முதலே சொல்லியிருக்கலாமே. எத்தினை வீதம் அல்ககோல் வந்தது?"

"ஒரு ஐஞ்சு வரும்" என்றார் இவர். நேராக என் முகத்தைப் பார்க்காமல்.

"அது போதும், காணும். அடுத்த தரம் போடேக்கை எங்களையும் நினையுங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். கூட்டம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. அதே வாளி, அதே பியர், அதே வெடி. ஆள் மாறியதும் குற்றம் பகிடியாகிவிட்டது.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். நான் பேசாமல் இருந்தேன். கரும்பலகையில் போன கிழமை எழுதிய பாடம் அழிக்காமல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வகுப்பு வேண்டும். அந்த ஐந்து பேரிலும் இவரிலும் எனக்கு வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம் பெரிது, இன்றைக்கும் பெரிது.

காரில் கேட்டேன்.

"ஈஸ்ட் பாக்கெட் எங்கை இருந்தது எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"இஞ்சரும், நான் உமக்காகத்தானே சொன்னனான்."

"டின்னின்ரை மூடிக்குக் கீழை" என்றேன்.

அவர் நல்லவர். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். அதனால்தான் அவரோடு சண்டை பிடிக்கவும் முடியவில்லை.

இரண்டாவது வாளி

அடுத்த கிழமையே இரண்டாவது வாளியைப் போட்டேன். இந்த முறை தாளில் இருக்கிறபடி. சாமான் அறையில் பத்தொன்பது பாகை. கை விடவில்லை. பதினைந்து நாள். மிதவை மூன்று நாள் ஒரே கோட்டில் நின்றது. சோல்வைக் தந்த தடித்த போத்தல்களில், கம்பி மூடி போட்டது, அளந்த சீனியோடு அடைத்தேன். மூன்று கிழமை கழித்துத் திறந்தபோது நுரை மெதுவாக ஏறி வாயடியில் நின்றது. கொஞ்சம் கசப்பு, பின்னால் வறுத்த பாணின் மணம். சோல்வைக் ஒரு கிளாஸ் முழுக்கக் குடித்துவிட்டு, இன்னொன்றுக்குக் கிளாஸை நீட்டினாள். எனக்கு அழுகை வந்தது.

சடங்குக்கு முதல் நாள் குகன் இவருடைய கைத்தொலைபேசிக்கு அழைத்தார். இவர் கார் ஓட்டிக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன்.

"அண்ணை, நாளைக்குச் சடங்கு முடிய எங்கடை பொடியள் கொஞ்சப்பேர் வீட்டை வருவினம். உங்கடை அந்தச் சாமான் போட்டனீங்களோ?"

"அண்ணை இல்லை, நான் கதைக்கிறன்."

"ஆ, டீச்சரோ. அண்ணையிட்டை ஒரு சின்ன அலுவல்."

"பியர் அலுவல்தானே. அதை அவர் செய்யேல்லை, குகன். முதல் தரமும் நான்தான், இப்பவும் நான்தான். கூட்டத்திலை அவர் சொன்னது பொய். நானும் பேசாமல் இருந்திட்டன்."

இவர் பாதையைப் பார்த்தபடி காரை ஓட்டிக்கொண்டிருந்தார். குகன் குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், உதை நான் கேக்கேல்லை எண்டு வைச்சுக்கொள்ளுவம். போத்தலை அண்ணையிட்டைக் குடுத்துவிடுங்கோ. ஒரு பன்னிரண்டு காணும்."

வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன். பியர் வேண்டும், அதைச் செய்தவள் வேண்டாம்!

அன்றிரவு பன்னிரண்டு போத்தலையும் துடைத்து, வெள்ளை ஒட்டுத்தாள் வாங்கி வந்து, ஒவ்வொன்றிலும் கறுத்த மையால் எழுதி ஒட்டினேன். "தவமலர் செய்த பியர். ஹொல்ம்லியா." எழுத்துப்பிழை இல்லாமல், ஒரு கோணலும் இல்லாமல்.

இவர் பெட்டியைத் தூக்க வந்தவர் ஒரு போத்தலை எடுத்து வாசித்தார்.

"இஞ்சரும், இதோடை நான் எப்பிடிக் கொண்டுபோறது?"

"சரிக்காமல் கொண்டுபோங்கோ. அடியிலை மண்டி இருக்கு."

பிறகு போத்தலைத் திரும்ப வைத்தார், எழுத்து வெளியே தெரிகிற மாதிரி. சரிக்காமல் தூக்கிக்கொண்டு போனார்.

அந்தப் போத்தல்கள் எனக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லிவிட்டிருந்தேன். திங்கட்கிழமை வந்தது பெட்டி. பன்னிரண்டும் காலி. ஒரு சொட்டு மிச்சமில்லை. ஒன்றிலும் என் பெயர் இல்லை. சுடுதண்ணீரில் ஊறவைத்து நகத்தால் சுரண்டியிருந்தார்கள். ஒரே ஒரு போத்தலில் மட்டும் "ஹொல்ம்லியா" மிஞ்சியிருந்தது.

"குகன் உம்மட்டைச் சொல்லச் சொன்னவர்" என்றார் இவர். "எல்லாருக்கும் நல்லாப் பிடிச்சதாம். உம்மடை நல்லதுக்குத்தான் பேரை எடுத்தவையாம்."

என் நல்லதுக்கு. வகுப்பு என்னிடமே இருக்கட்டும் என்று. நான் பேசாமல் இருந்தால் எல்லாம் சுகம்.

இந்த இதழ் எங்கள் பள்ளிக்கு இரண்டு பிரதி வரும். குகன்தான் உறையைப் பிரிப்பவர். ஆகவே குகன், பெரியவர்களே, வாசியுங்கள். என் பெயர் தவமலர். வெடித்த ஆறு போத்தலையும் செய்தது நான். நீங்கள் குடித்த பன்னிரண்டையும் செய்தது நான். சனிக்கிழமை பத்து மணிக்கு வகுப்பில் இருப்பேன். வகுப்பை என்னிடமிருந்து எடுக்கிறதென்றால் பிள்ளைகளுக்கு முன்னால் வந்து, காரணத்தையும் சொல்லி எடுங்கள்.